மூங்கிலோடை ஏரிக்குத் திரும்பி வந்த நாள்

போன மாதம் மூங்கிலோடை ஏரியின் மதகுக்கு இரும்புக் கதவும் திருகுச் சக்கரமும் பொருத்தினார்கள். நான் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் முதல் சுற்று நீங்கள்தான் சுற்ற வேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். சுற்றினேன். கிணற்று ராட்டினத்தைவிட லேசாகச் சுழன்றது. மதகு காக்கும் லஸ்கர்களாகப் புதிதாகச் சேர்ந்த இருவர் பக்கத்தில் நின்று சிரித்தார்கள்.

“தொறக்கறது, மூடறது. இதுக்கா இத்தன வருசம் சம்பளம் வாங்குனீங்க?” என்றான் ஒருவன்.

“ஆமா, அவ்வளவுதான். ஆனா ஒரு வருசம் தொறக்கவும் முடியாம, மூடி வெக்கவும் முடியாம மாட்டிக்கிட்டோம் பாரு” என்று ஆரம்பித்தேன். இருவரும் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்று வாயால் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கொல்லிமலைக்காரன். மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் தினைக்காட்டுக் குருவிகளை விரட்டி வளர்ந்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகிற தண்ணீர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் அசையாமல் நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் அடிவாரத்து ஏரிக்கு மராமத்து இலாகாவில் லஸ்கர் வேலைக்கு ஆள் தேடினார்கள். கரீம் பாய் என்று ஒரு மிளகு வியாபாரி அடிவாரத்திலிருந்து மலைக்கு வந்து போவார். அவர்தான், “வா பெரியசாமி, உனக்கு அந்த வேல ஒத்து வரும்” என்று என்னைக் கீழே கூட்டி வந்தார்.

கரையில் ஏறும் முன்பே சத்தம் கேட்டது. சந்தை கூடுகிற இடம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏறிப் பார்த்தால் மனிதர் ஒருவரும் இல்லை. தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் பறவைகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டியை வாயில் கவ்வியது போல மூக்குள்ள ஒரு வெள்ளைப் பறவை. ஒன்று குச்சி கொண்டு வருகிறது, ஒன்று அந்தக் குச்சியைத் திருடுகிறது, ஒன்று அதற்காகச் சண்டை போடுகிறது. நான் வந்த வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

“ஈ பூந்திரப் போகுது” என்றார் பாய்.

அந்த ஏரியில் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. கூட்டைக் கலைக்கக் கூடாது. கடைசிக் குஞ்சு பறக்கிற வரையில் மரத்தடித் தண்ணீர் வற்றக் கூடாது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த கட்டுப்பாடு அது. பிற்பாடு சர்க்காரும் அதையே உத்தரவாக்கியது. ஊர்க்காரர்களுக்கு அதில் லாபமும் உண்டு. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு வேறு உரம் வேண்டியதில்லை.

வேலை கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. அப்போது மதகு என்பது கல்லில் வட்டமாக வெட்டிய ஒரு துளை. அதில் நுனி சிறுத்த மரக்கட்டை ஒன்று அடைப்பானாக உட்கார்ந்திருக்கும். கட்டையிலிருந்து மேலே ஓர் இரும்புக் கம்பி. கம்பியில் வரிசையாகத் துளைகள். இரண்டு பேர் மூச்சுப் பிடித்துக் கம்பியைத் தூக்க வேண்டும், மூன்றாவது ஆள் சரியான துளையில் ஆணியைச் செருக வேண்டும். ஒரு துளை தூக்கினால் தண்ணீர் கடைசி வயல்களான கடைமடைக்குப் போகாது; மூன்று துளை தூக்கினால் மதகை ஒட்டிய தலைமடை வரப்பு உடையும். இடையில் கம்பி நழுவினால் விரல் போகும். அதற்கு மேல் கற்க வேண்டியது கரையைத்தான். எங்கே எலி வளை தோண்டுகிறது, எங்கே ஈரம் கசிகிறது என்று வெறுங்காலோடு நடந்தால் பாதமே சொல்லிவிடும்.

எங்கள் ஓவர்சியர் சிங்காரவேலு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஏதோ அணைக்கட்டு வேலையில் பாறை வெடித்தபோது ஒரு காது மந்தமாகிவிட்டதாம். அதனால் முகத்துக்கு முகம் நிற்கும் ஆளிடமும் அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலப் பேசுவார். ஆனால் ஏரிக்கரையில் கால் வைத்ததும், பறவை மிரளும் என்று குரலை ரகசியமாக்கிவிடுவார். அந்த ரகசியம் யாருக்கும் கேட்காது. ஒருமுறை எங்கிருந்தோ ஒரு துரையும் அவருடைய சிநேகிதரும் துப்பாக்கியோடு கரைக்கு வந்துவிட்டார்கள். ஓவர்சியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்று கிசுகிசுத்தார். “வாட்?” என்றார் துரை. மறுபடியும் கிசுகிசுப்பு. “வாட்?” இப்படியே பேசிப் பேசிக் கரையின் கடைசி வரை அவர்களைக் கூட்டிப் போய், ரோட்டில் இறங்கியதும், “சுடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு சார்!” என்று தன் சொந்தக் குரலில் ஒரு போடு போட்டார். துரை திடுக்கிட்டுச் சிரித்துவிட்டார். கார் திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து அவருக்காக நான் எதையும் செய்வேன் என்றாகிவிட்டது.

அந்தக் கெட்ட வருஷம் ஐப்பசி மழை பெய்தது. ஏரி பாதி நிரம்பியது. பறவைகள் நம்பி வந்து கூடு கட்டின. கார்த்திகையில் மழை நின்றது, மார்கழியில் குஞ்சு பொரித்தது. தண்ணீர் ஒவ்வொரு நாளும் பின்வாங்கியது. கீழே சம்பா நெல் பால் பிடிக்கிற சமயம்.

ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற ஆயக்கட்டுக்காரர்களுக்குப் பெரியவர் ராமசாமிக் கவுண்டர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தலைப்பாகைத் துணியில் சுற்றி எடுத்துவந்து எங்களிடம் கொடுக்கிற மனுஷன் அவர். அவரே ஒரு காலை மதகடியில் வந்து நின்றார்.

“ஏனுங்க ஓவர்சியரே, குஞ்சுக பொழைக்கோணும், செரிங்க. எம்பட பயிரும் பொழைக்கோணுமில்லீங்களா? பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. மதகத் தொறந்து உடுங்க.”

“தொறந்தா மரத்தடி காஞ்சிடும், கவுண்டரே” என்று ஓவர்சியர் கிசுகிசுத்தார். கவுண்டருக்குக் கேட்கவில்லை, நான் எடுத்துச் சொன்னேன்.

“தெரியுமுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். நாலு நாளா சோறு எறங்கல எனக்கு” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்கு அப்போதே தெரிய ஆரம்பித்திருந்தது. ஓரத்து மரம் ஒன்றின் அடியில் சேறு காய்ந்து, அங்கே நரியின் கால் தடம் விழுந்திருந்தது. அந்த மரத்தில் கீழ்க் கிளைக் கூடுகள் காலி. கவுண்டரின் ஆட்களே தடியோடு முறைவைத்துக் காவல் நின்றார்கள். தங்கள் வயல் காய்வதைப் பார்த்துக்கொண்டே பறவைக்குக் காவல்.

கரீம் பாய் மலையிலிருந்து மிளகு மூட்டைகளோடு இறங்கி வந்தது அந்தச் சமயத்தில்தான். கரையில் நின்று ஏரியைப் பார்த்தவர் தாடியைத் தடவினார்.

“இதென்னங்க அதிசயம்? மலை மேல நல்ல மழைங்க. வாழவந்தி நாட்டுல எங்க சுமையாளுங்க ஓடையத் தாண்ட முடியாம ஒரு நாள் பூரா உக்காந்திருந்தாங்க. அந்தத் தண்ணியெல்லாம் எங்கீங்க போச்சு?”

ஓவர்சியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நாட்டிலிருந்து இறங்கும் மூங்கிலோடைதான் எங்கள் ஏரியின் தாய்; ஏரிக்குப் பெயரும் அதனால் வந்ததுதான். மழை இல்லாததால் அது வறண்டுவிட்டது என்று நாங்கள் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

“மதகை நான் திரும்பி வர்ற வரைக்கும் தொடாதீங்க கவுண்டரே” என்றார் ஓவர்சியர். “பொங்கலுக்குள்ள தண்ணி வரலேன்னா நானே திறந்து விடறேன்.”

ஓடைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, மறுநாள் விடிந்ததும் ஓவர்சியர், பாய், நான் மூன்று பேரும் மலை ஏறினோம். அப்போது ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதை. முழங்கால் நெஞ்சில் இடிக்கும். ஓவர்சியருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. மலையில் கிசுகிசுக்க வேண்டியதில்லையே! அவர் கேட்ட கேள்விகள் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தன. வறண்ட ஓடையை ஒட்டியே ஏறினோம். உச்சி தாண்டி, பலா மரங்கள் நெருங்கிய ஒரு வளைவில் அவர் சட்டென்று நின்று காதில் கையை வைத்தார்.

“பெரியசாமி, எனக்கே கேக்குது. உனக்குக் கேக்கலையா?”

தண்ணீர்ச் சத்தம்! மூவரும் பாறைகளைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஐப்பசி மழையில் சரிவு ஒன்று அப்படியே பெயர்ந்து, ஒரு பெரிய பலா மரமும் பாறைகளுமாக ஓடையின் குறுக்கே விழுந்திருந்தது. தண்ணீர் முட்டி, மறுபக்கம் வழி கண்டுபிடித்து, நாங்கள் அறியாத ஒரு பள்ளத்தில் குதித்து ஓடிக்கொண்டிருந்தது. ஓவர்சியர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். பாய் அவரைக் கட்டிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கிற வரைதான். கீழே இரண்டு தட்டாகப் பச்சைப் பசேலென்று நெல் நின்றது.

மலையில் நெல் விளைகிற இடம் அபூர்வம். மழை ஈரத்திலேயே விளைகிற தினை, சாமை, குச்சிக்கிழங்குதான் எங்கள் சாப்பாடு. வயலில் ஒரு பெண் வரப்பு கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் செல்லாயி. புருஷன் பாயிடம் மிளகு சுமக்கிறவன். ஓடை திரும்பியதைப் பார்த்து, பாறைக் காட்டைத் தன் கையால் சமன் செய்து, நாற்று இரவல் வாங்கி நட்டிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் சொந்த நெல்லைக் கண்டதில்லை. பயிர் பொதி கட்டி, கதிர் இதோ வெளியே வரப்போகிறேன் என்று நின்றது.

ஓவர்சியர் சர்க்கார் உத்தியோகஸ்தர். அடைப்பை எடுங்கள் என்று உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார். மலையே கேட்கும்படி சொன்னார்.

செல்லாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். “பாதித் தண்ணிய எடுத்துக்குங்க சாமி. பாதிய எனக்கு உடுங்க.”

“பாதி போதாதும்மா. ஓடை மணல் காஞ்சு கிடக்கு. பாதி விட்டா அதுவே குடிச்சிடும். ஏரிக்கு ஒரு சொட்டு வராது. முழுசா விட்டு மணல் நனைஞ்சப்புறம் வேணும்னா உனக்கு ஒரு பங்கு திருப்பலாம்.”

“அதுக்கு எத்தன நாளாகும்?”

“தெரியாதும்மா” என்றார் ஓவர்சியர். அப்போது அவர் குரல் தானாக இறங்கியிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்க மலைக்காரரு. நெசத்தச் சொல்லுங்க. எம்பட வயலு தாங்குமா?”

தாங்கும் என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். ஓவர்சியரும் பாயும் என் வாயையே பார்த்தார்கள். நான் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் தட்டில் ஒரு சாண் மண்கூட இல்லை, கீழே பாறை.

“மேல் தட்டு தாங்காது, தாயி. கீழ்த் தட்டு தாங்கும்னு நெனைக்கறேன். உறுதி சொல்ல முடியாது” என்றேன்.

அவள் குனிந்து மேல் தட்டு நெல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஓவர்சியரிடம், “அந்தக் குஞ்சுக எத்தாப் பெருசுங்க சாமி?” என்று கேட்டாள்.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “இன்னும் இறக்கை முளைக்கல. மரத்தை விட்டு இறங்கத் தெரியாது.”

“கீழ நரி காத்துட்டு நிக்குதாக்கும்.”

“ஆமாம்மா.”

“செரி, எடுத்துட்டுப் போங்க” என்றாள் செல்லாயி. “ஆனா ஒண்ணுங்க. நான் கீழ வந்து அதுகளப் பாக்கோணும். எம்பட நெல்லுத் தண்ணியக் குடிக்கறது யாருன்னு நான் பாக்கோண்டாமா?”

அன்றே நான் கீழே ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தேன். கவுண்டர் தன் வயதுக்கு மலையேறக் கூடாது, ஏறினார். கடப்பாரை, கோடாரி, வடக்கயிறு எல்லாம் வந்தன. மலைக்காரர்களும் கீழ்நாட்டுக்காரர்களும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மரத்தைத் துண்டு போட்டு எடுத்துவிட்டோம். நடுவில் யானை படுத்தது போல ஒரு பாறை. கடப்பாரை அதன் மேல் பட்டுப் பட்டுத் தெறித்தது. அதைச் சுற்றி விறகடுக்கித் தீ மூட்டினோம். கல் பழுத்துப் போகும் வரை எரித்து, குடம் குடமாகக் குளிர்ந்த தண்ணீரை வீசினோம். படார் என்று ஒரு சத்தம்! நான் பயந்து உட்கார்ந்துவிட்டேன். பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

“இழுங்கடா!” என்று கவுண்டர் கத்த, எல்லோரும் கயிற்றில் தொங்கினோம். முதல் பாதி புரண்டதும் தண்ணீர் அந்த இடுக்கில் தலையை நுழைத்தது. அடுத்த பாதியை நாங்கள் இழுக்கவே இல்லை, தண்ணீரே தள்ளிவிட்டது. அப்போது செல்லாயி யாரும் சொல்லாமலே தன் வயல் வாய்க்காலுக்குப் போய், மண்கட்டியை வைத்து, காலால் மிதித்து அடைத்தாள். கொண்டாடிக்கொண்டிருந்த நாங்கள் அதைப் பார்த்ததும் அடங்கிவிட்டோம்.

பிறகு ஆரம்பித்தது ஓட்டம். தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பாறைக்குப் பாறை தாவினேன். அது பக்கத்திலேயே காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு உறுமி வந்தது. சில வளைவில் நான் முந்தினேன், சில வளைவில் அது முந்தியது. அடிவாரம் வந்ததும் மணல். அங்கே தண்ணீரின் வேகம் அப்படியே செத்தது. கண்ணெதிரே மணல் அதைக் குடித்தது. முன்னால் நாக்குப் போல நீளும், காணாமல் போகும்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பொங்கல். ஊரில் யாரும் சரியாகப் பொங்கல் வைக்கவில்லை. ஓவர்சியர் கரையில் குடையை விரித்து உட்கார்ந்து, வறண்ட வரத்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்குள் என்று வாக்குக் கொடுத்திருந்தாரே! கவுண்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மதகின் பக்கம் திரும்பாமல் அவரும் வாய்க்காலையே பார்த்தார்.

வெயில் சாய ஆரம்பித்தபோது வாய்க்கால் வளைவிலிருந்து தவளைகள் தாவி வந்தன. பின்னால் ஒரு தேள். அதன் பின்னால் பலா இலைகளும் நுரையும். மலையின் பலா இலை!

“வந்துருச்சு!” என்று ஓவர்சியர் கத்தினார். தன் சொந்தக் குரலில் கத்தினார்.

ஏரியில் இருந்த அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் எழும்பின. வானம் மூடிவிட்டது. கூடுகளில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு தனியாகக் கிடந்தன. மேலே பருந்து ஒன்று வட்டமிட்டதைப் பார்த்தேன். ஓவர்சியர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கரையில் நாங்கள் ஒருவரும் அசையவில்லை, மூச்சு விடவில்லை. அப்போது ஒரு கூழைக்கடா பெரிதாகச் சுற்றி வந்து தன் கூட்டில் இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு நூறு. அப்புறம்தான் எங்களுக்கு உயிர் வந்தது. சத்தம் போடாமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். கவுண்டர் ஓவர்சியரின் தொப்பிக்கு முத்தம் கொடுத்தார்.

இரண்டு நாளில் மரத்தடிச் சேறு மறைந்தது. ஓவர்சியர் மரத்தடித் தண்ணீரைக் குச்சி நட்டுப் பார்த்துவிட்டு மதகுக்கு வந்தார். “ரெண்டு துளை” என்று கிசுகிசுத்தார். கவுண்டரும் அவர் மகனும் கம்பியைத் தூக்க, நான் ஆணியைச் செருகினேன். மதகின் அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கவுண்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஓவர்சியர் தான் மலையில் சொன்னபடியே செல்லாயிக்கு ஒரு பங்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். மேல் தட்டு கருகிவிட்டது. கீழ்த் தட்டு கதிர் வாங்கியது.

மாசியில் அவள் வந்தாள். தனியாக அல்ல, ஊரே வந்தது. பாய் முன்னால் நடக்க, ஆணும் பெண்ணுமாக மலைக்காரர்கள் தலையில் பலாப்பழமும் வாழைத்தாருமாகக் கரையேறினார்கள். கவுண்டர் இரண்டு மூட்டை நெல்லோடு காத்திருந்தார். “இது உம்பட நெல்லு, அம்மிணி” என்றார். அவள் மறுக்கவில்லை, மூட்டையைத் தட்டிப் பார்த்து, “நல்லா காய வெச்சிருக்கீங்க” என்று பாராட்டினாள்.

பிறகு ஏரியைப் பார்த்தாள். அன்று குஞ்சுகள் பறந்து பழகிக்கொண்டிருந்தன. கூழைக்கடாக் குஞ்சு ஒன்று கிளை நுனிக்கு வந்து, இறக்கையை விரித்து, யோசித்து, மறுபடி மடக்கிக்கொண்டது. “உளுந்துரும், உளுந்துரும்” என்று செல்லாயி என் கையை இறுகப் பிடித்தாள். அது விழுந்தது. தண்ணீரில் தொப்பென்று விழுந்து, தண்ணீரை அடித்து அடித்து எழும்பி, எங்கள் தலைக்கு மேலே தாறுமாறாகப் பறந்து போயிற்று. மலைக்காரர்கள் அத்தனை பேரும் வாய்க்குள்ளேயே கூவினார்கள்.

“இதுக எங்கிருந்து வருதுங்க சாமி?” என்று அவள் கேட்டாள்.

“யாருக்கும் சரியாத் தெரியாதும்மா” என்று ஓவர்சியர் அவள் காதருகே குனிந்து சொன்னார்.

“அடுத்த வருசமும் வருமுங்களா?”

“தண்ணி இருந்தா வரும்.”

அவள் பறவையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“அப்ப நான் அந்த வயல்ல சாமை போட்டுக்கறேன்” என்றாள்.